ஆளுக்குக் கால் பங்கு தப்பு

எம்.எட். சேர்ந்தபோது எனக்கு முப்பத்திரண்டு வயது. சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். பத்து வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்று பேசியவளுக்கு, பெஞ்சில் உட்கார்ந்து பிறர் பேசுவதைக் கேட்பது லேசான காரியமில்லை. அதிலும் எனக்கு முன்கோபம். புரியாத ஒன்றை யாராவது சொன்னால், என் அறிவின் மேல் வர வேண்டிய கோபம் சொன்னவர் மேல் வரும்.

சேலத்தில் சனி, ஞாயிறு மட்டும் வகுப்பு. விடிந்தும் விடியாமலும் கிளம்பி நாமக்கல் போய், அங்கிருந்து சேலம் பஸ் பிடிப்பேன். மூன்று வருடத்துக்குள் படிப்பை முடிக்க வேண்டும் என்பது விதி. பாடத் தேர்வுகளை இரண்டு வருடத்தில் முடித்துவிட்டேன். மிச்சம் இருந்தது ஆய்வேடு ஒன்றுதான். அந்த மார்ச் மாதத்துக்குள் அதைக் கொடுக்காவிட்டால் என் பதிவு ரத்தாகிவிடும். எழுதித் தேறியதெல்லாம் வீண். ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் பாடம் நடத்தப் போக வேண்டும் என்று எனக்குப் பெரிய ஆசை இருந்தது. எம்.எட். இல்லாமல் அந்த வாசலை மிதிக்க முடியாது.

ஆய்வு முறைகள் என்ற பாடத்தில் ஏகப்பட்ட சொற்கள். கருதுகோள், மாறி, மாதிரி, சோதனைக் குழு, கட்டுப்பாட்டுக் குழு, நம்பகத்தன்மை, ஏற்புடைமை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரையறை உண்டு. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து நல்ல மார்க்கும் வாங்கினேன். மார்க் வாங்கியதாலேயே புரிந்துவிட்டது என்றும் நினைத்துக்கொண்டேன். என் வகுப்புப் பிள்ளைகளில் யாராவது இப்படிச் செய்திருந்தால் ஸ்கேலைக் கையில் எடுத்திருப்பேன்.

என் கணவர் விவசாயி. எங்கள் காட்டில் மரவள்ளி. எங்கள் பக்கத்தில் குச்சிக்கிழங்கு என்போம். அவர் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். நான் வாசற்படியில் உட்கார்ந்து சத்தமாக வரையறைகளைப் படிக்கும்போது, அவர் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே காது கொடுப்பார். எனக்கு ஒரு வாரம் பிடித்த விஷயம் அவருக்கு ஒரு மண்வெட்டி கழுவும் நேரத்தில் பிடிபட்டுவிடும். அதற்காகவும் எனக்குக் கோபம் வரும்.

என் ஆய்வு இதுதான். ஆறாம் வகுப்பில் ஏ, பி என்று இரண்டு பிரிவுகள். ஒரு பிரிவுக்குப் பின்னக் கணக்கை எப்போதும் போலக் கரும்பலகையில் நடத்துவது. அது கட்டுப்பாட்டுக் குழு. இன்னொரு பிரிவுக்குக் கையில் பொருளைக் கொடுத்து, வெட்டிப் பிரித்து நடத்துவது. அது சோதனைக் குழு. கடைசியில் இரண்டுக்கும் ஒரே தேர்வு வைத்து, எது மேல் என்று பார்ப்பது. ஏ பிரிவில் சுறுசுறுப்பான பிள்ளைகள் சிலர் இருந்தார்கள். அதனால் ஏ பிரிவையே சோதனைக் குழுவாக வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

"ஏன் டீச்சரம்மா, சவ்வரிசி மில்லுக்குக் கெழங்கு லோடு அனுப்பறப்ப நம்ம பங்காளி என்ன பண்ணுவான்?" என்றார் கணவர்.

எனக்குத் தெரியும். மில்லில் லோடுக்கு மேலே இருந்து நாலைந்து கிழங்கு எடுத்துத்தான் மாவுச் சத்து எவ்வளவு என்று சோதிப்பார்கள். பாயிண்ட் பார்ப்பது என்று பெயர். பங்காளி நல்ல கிழங்காகப் பொறுக்கி மேலாப்பில் அடுக்கி, நோஞ்சான்களை அடியில் போட்டு அனுப்புவார்.

"நீ பண்றதும் அதேதான்," என்றார்.

மாதிரி எடுப்பதில் சார்பு நேரக் கூடாது என்று நோட்டில் நானே சிவப்பு மையில் அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். அன்றைக்குத்தான் அந்தக் கோட்டுக்கு அர்த்தம் தெரிந்தது. தலைமையாசிரியர் முன்னிலையில் காசு சுண்டிப் போட்டோம். அதிலும் ஏ பிரிவுதான் விழுந்தது. எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

அடுத்த தகராறு இன்மைக் கருதுகோள். என் நெறியாளர் சேலத்துக்காரர். நிதானமான அம்மாள், ஒரு சொல்லையும் வீணாக்க மாட்டார். "‘இரண்டு குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை’ன்னு முதல்ல எழுதுங்க" என்றார். வேறுபாடு இருக்கிறது என்று காட்டத்தானே இந்தப் பாடெல்லாம்? நான் நம்பாத ஒன்றை என் கையாலேயே எழுதச் சொல்கிறாரே என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் புகைந்துகொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்தும் சொல்லித் தீர்த்தேன்.

கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்: "எங்கப்பன் ஒன்னையப் பொண்ணு பார்க்க வாரப்ப, ‘எல்லா ஊட்டுப் புள்ளையும் ஒன்னுதான், இதுல ஒன்னும் வித்தியாசம் இருக்காது’ன்னு நெனச்சுக்கிட்டேதான் வந்தாரு. வந்து பார்த்து, நீ பேசறதைக் கேட்ட பொறவு அந்த நெனப்ப விட்டுட்டாரு. இதுவும் அதேதான?"

எனக்குப் புகைச்சல் சட்டென்று அடங்கிவிட்டது. கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. "வித்தியாசம்னா நல்ல வித்தியாசமுங்களா?" என்று கேட்டேன்.

"அதைச் சொல்லலியே. வித்தியாசம் இருக்குதுன்னு மட்டுந்தான் சொன்னாரு."

இருபக்கச் சோதனை, ஒருபக்கச் சோதனை என்று புள்ளியியலில் இரண்டு உண்டு. வேறுபாடு எந்தத் திசையில் இருந்தாலும் சரி என்பது முதலாவது. அதை நான் என் மாமனாரிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன் என்று யாரிடம் சொல்ல முடியும்?

ஒருவழியாக நவம்பரில் சோதனையைத் தொடங்கினேன். சேலம் செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளில் சுற்றி வண்ணத் தாளும் அட்டையும் வாங்கி வந்தேன். ஆனால் தாளை விடப் பிள்ளைகளுக்குப் பிடித்தது கிழங்குதான். தினமும் காலையில் ஒரு குண்டான் நிறையக் குச்சிக்கிழங்கை உப்புப் போட்டு வேக வைத்து ஏ பிரிவுக்குக் கொண்டுபோவேன். ஒரு கிழங்கை இரண்டாக வெட்டினால் அரை. அரையை வெட்டினால் கால். காலை வெட்டினால் அரைக்கால். பாடம் முடிந்ததும் அவரவர் பின்னத்தை அவரவர் தின்றுவிடலாம். கணக்கு வகுப்புக்கு மணி அடிப்பதற்கு முன்பே ஏ பிரிவு கை கழுவிக்கொண்டு காத்திருக்கும். பி பிரிவில் சாக்பீஸ்தான். சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பும் வாசனையும் வரும்போது பி பிரிவுப் பிள்ளைகள் என்னைப் பார்க்கும் பார்வையை நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன்.

இரண்டாவது வாரம் ஒரு தாய் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். அவளுடைய மகள் பி பிரிவு. இரட்டைச் சடை போட்டு எப்போதும் முன் பெஞ்சில் உட்காருகிற பெண். அந்தத் தாயின் அக்கா மகன் ஏ பிரிவு. அந்த அம்மா கோபப்படவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மரியாதையாகத்தான் கேட்டாள்.

"ஏனுங் டீச்சர், ஒரே பந்தியில ஒக்காந்த புள்ளைங்களுக்கு, ஒருத்தனுக்கு எல போட்டுப்போட்டு ஒருத்திக்குப் போடாம போனா நல்லாருக்குதுங்களா?"

எங்கள் பக்கத்தில் இதைவிடப் பெரிய குற்றச்சாட்டு கிடையாது. சொத்துத் தகராறில் வெட்டிக்கொண்டவர்கள்கூடப் பந்தியில் வஞ்சனை செய்ய மாட்டார்கள். எதிராளி இலைக்கும் அதே அளவு பச்சடி விழும். நான் ஆராய்ச்சி, கட்டுப்பாட்டுக் குழு என்றெல்லாம் விளக்கினேன். தேர்வு முடிந்ததும் பி பிரிவுக்கும் இதே மாதிரி நடத்துவேன் என்று வாக்குக் கொடுத்தேன். "செரிங்க, நீங்க படிச்சவீங்க, வெவரமாத்தான் பண்ணுவீங்க. நாங்க ஏதோ பார்த்துக்கறோமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் பெரிய வேலையை முடித்த மாதிரி நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் சரியாகக் காதில் வாங்கவே இல்லை.

ஜனவரியில், பொங்கல் லீவு முடிந்து, கடைசித் தேர்வு வைத்தேன். திருத்தித் திருத்திக் கூட்டினேன். முதலில் கூட்டலில் தப்பு என்று நினைத்தேன். கணக்கு டீச்சருக்குக் கூட்டலில் தப்பு வருவதில்லை. பி பிரிவின் சராசரி ஏ பிரிவைவிடக் கொஞ்சம் கூடவே இருந்தது. வகுப்பில் ஒரு துண்டுக் கிழங்கைக்கூடக் கண்ணால் பார்க்காத பிள்ளைகள், கிழங்கு தின்ற பிள்ளைகளை முந்தியிருந்தார்கள்.

ஏ பிரிவுக்குப் போனேன். என்ன நடந்தது என்று கேட்டேன். ஒவ்வொன்றாக வெளியே வந்தது. முதல் வாரத்திலிருந்தே ஏ பிரிவுப் பிள்ளைகள் தங்கள் பங்கில் பாதியைத் தின்னாமல் சட்டை ஜோபியிலும் பாவாடை மடிப்பிலும் வைத்துக்கொண்டு போய், இன்டர்வெல்லில் வேப்பமரத்தடியில் பி பிரிவுக்குப் பங்கு போட்டிருக்கிறார்கள். சித்தப்பா மகள், அத்தை மகன், பக்கத்துக் காட்டுப் பையன். எல்லோரும் ஒருத்தருக்கொருத்தர் ஏதோ ஒரு முறை. அவர்களைப் பார்க்க வைத்துவிட்டு எப்படித் தின்பது? அந்தத் தாயும் அக்கா வீட்டில் சொல்லிவிட, இரண்டாவது வாரத்திலிருந்து மிச்சமிருந்த ஓரிரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள்.

பங்கு போடும் வேலையை எடுத்துக்கொண்டது அந்த இரட்டைச் சடைப் பெண். நான் வகுப்பில் வெட்டியதெல்லாம் சமத் துண்டுகள். அவளுக்குக் கிடைத்ததோ அரையில் பாதி, காலில் கடித்த மிச்சம். போதாக்குறைக்குக் கிழங்கு ஒரு பக்கம் தடிமன், ஒரு பக்கம் நுனி. தடிமனான துண்டு ஒன்றுக்கு நுனித் துண்டு இரண்டு என்று அவள் ஒரு தீர்ப்பு வைத்திருந்தாள். தினமும் சண்டை, தினமும் கணக்கு. நான் ஏ பிரிவில் நடத்தியதைவிடக் கடினமான பின்னத்தை பி பிரிவு வேப்பமரத்தடியில் படித்திருக்கிறது.

இன்றைக்கு இதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. நெறியாளர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்: கட்டுப்பாட்டுக் குழு கலந்துவிட்டது, சோதனை செல்லாது. பின்னப் பாடம் முடிந்துவிட்டது. இனி அடுத்த வருடம்தான். எனக்கு அடுத்த வருடம் கிடையாது. நான் ஏ பிரிவைப் பார்த்துக் கத்தினேன். "உங்களாலயும் பி பிரிவாலயும் என் படிப்பே போச்சு. அவங்க இத்தனை மார்க் வாங்கலேன்னா நான் பாஸ்" என்று சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. பதினோரு வயதுப் பிள்ளைகளிடம் பேசுகிற பேச்சா அது?

அந்தச் சனிக்கிழமை நெறியாளரைப் பார்க்கச் சேலம் போகவில்லை. விடைத்தாள்களைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய், ஆளில்லாத ஆறாம் வகுப்பில் உட்கார்ந்தேன். மார்க்கை எல்லாம் பென்சிலில்தான் போட்டிருந்தேன். பி பிரிவில் ஒரு பத்துத் தாளில் கொஞ்சம் குறைத்தால் போதும். யாருக்கும் தெரியாது. பிள்ளைகளின் பரீட்சை மார்க்கில் இது சேராது, யாருக்கும் நஷ்டமில்லை. இப்படி எல்லாம் எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடினேன். ரப்பர் கையில் இருந்தது. முதல் தாள் மேலே இருந்தது. அது யாருடையது என்று பார்க்கக் கூடாது என்று பேரை இடது கையால் மறைத்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

வாசலில் நிழல் ஆடியது. பி பிரிவிலிருந்து ஏழெட்டுப் பேர், கூடவே ஏ பிரிவு இரண்டு பேர். முன்னால் இரட்டைச் சடை.

"என்ன சாமி, லீவு நாள்ல?" என்றேன். ரப்பரை மடியில் போட்டுக்கொண்டேன்.

"டீச்சர், நாங்க மறுக்கா பரிச்ச எழுதறோமுங்க."

"எதுக்கு? நல்லாத்தானே எழுதியிருக்கறீங்க?"

"அதனாலதானுங்க. இந்த வாட்டி தப்பா எழுதிடறோமுங்க. ஆளுக்குக் கால் பங்கு தப்பு எழுதறதுன்னு பிரிச்சு வெச்சுட்டோமுங்க. நாலு கணக்குக்கு ஒரு கணக்கு தப்பு." அவள் ஒரு பையனை முன்னால் தள்ளினாள். "இவன் மட்டும் எப்பவுமே தப்பாத்தான் எழுதுவானுங்க. அதனால இவனுக்கு அரைக்கால் பங்கு போதுமுங்க."

அந்தப் பையன் தலையை ஆட்டி அதை ஒப்புக்கொண்டான்.

நான் மேஜையில் கவிழ்ந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். பிள்ளைகள் பயந்துபோய், தப்பு போதவில்லை என்று நினைத்து, "அரைப் பங்கா வேணாலும் எழுதறோமுங்க டீச்சர்" என்றார்கள். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மடியிலிருந்த ரப்பரை எடுத்து அந்த அரைக்கால் பங்குப் பையன் கையில் கொடுத்தேன். "வெச்சுக்க சாமி, எனக்கு வேண்டாம்" என்றேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் புது ரப்பர், வாங்கிக்கொண்டான்.

சாயங்காலம் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ரப்பரையும் சேர்த்து. அவர் ரப்பரைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "அந்த வருசம் விவசாய ஆபீசர் நம்ம காட்டுல ஒரு பாத்திக்கு ஒரம் போட்டு, பக்கத்துப் பாத்திக்குப் போடாம உட்டாரே, நாவகம் இருக்குதா?" என்றார். "ரெண்டும் ஒன்னாட்டத்தான் வெளஞ்சுது. அந்தாளு வரப்பச் சுத்திச் சுத்தி வந்து எலி வளையா எண்ணி எழுதிக்கிட்டுப் போனாரு. ஒரத் தண்ணி அது வழியா அக்கட்டப் போயிருச்சுன்னு. அவரு ஒன்னும் வேலைய உட்டுட்டு ஓடலியே. நீயும் வளைய எண்ணி எழுது."

எண்ணினேன். இரண்டு பிரிவுப் பிள்ளைகளையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, யார் யாருக்கு எத்தனை நாள் கிழங்கு கொடுத்தார்கள், என்ன முறை, எப்படிப் பிரித்தார்கள் என்று கேட்டு எழுதினேன். ஏ பிரிவை இடது பக்கமும் பி பிரிவை வலது பக்கமும் புள்ளிகளாக வைத்து, கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் நடுவில் கோடு போட்டேன். கோடு இல்லாத புள்ளி ஒன்றுகூட இல்லை. பி பிரிவில் ஒரு புள்ளியிலிருந்து மட்டும் எல்லாத் திசையிலும் கோடு போனது. ‘ஆய்வின் குறைபாடுகள்’ என்ற அத்தியாயம் எல்லோரும் ஒரு பக்கத்தில் முடிப்பது. எனக்கு அதுவே ஆய்வேட்டில் பெரிய அத்தியாயமாகிவிட்டது. நெறியாளர் படித்துவிட்டு நீண்ட நேரம் கண்ணாடியைத் துடைத்தார். "கொடுத்துப் பார்ப்போம். பொறுப்பு உங்களோடது" என்றார். மார்ச் முடிய இரண்டு நாள் இருக்கும்போது கொடுத்தேன்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்தவர் சிரிக்காத மனிதர். கட்டுப்பாட்டுக் குழு என்றால் என்ன என்று கேட்டார். மனப்பாட வரையறை நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொல்லவில்லை. "நாம ஒன்னும் கொடுக்காம ஒதுக்கி வைக்கிற குழுங்க" என்றேன். "என்னால ஒதுக்கி வைக்க முடியலைங்க."

"அப்படின்னா உங்க முறை சிறந்ததுன்னு நிரூபிக்கலை?"

"இல்லீங்க. இன்மைக் கருதுகோளை நிராகரிக்க முடியலை. என் முறை நல்லதா இல்லையான்னு இந்த ஆய்வை வெச்சுச் சொல்ல முடியாதுங்க."

அவர் கோட்டுப் படத்தைத் திருப்பினார். எல்லாத் திசையிலும் கோடு போன அந்தப் புள்ளியின் மேல் விரலை வைத்து, இது யார் என்றார். சொன்னேன். கால் பங்குத் தப்பையும் சொன்னேன். அரைக்கால் பங்கு என்று வந்த இடத்தில், சிரிக்காத மனிதர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. என் நெறியாளரை அப்போது பார்த்தேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார்.

"மார்க்கை மாத்தணும்னு தோணலையா?" என்று தேர்வாளர் திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தோணுச்சுங்க," என்றேன்.

அவர் தலையசைத்து, மூடியைத் திருகிப் பேனாவைத் திறந்தார். அங்கேயே சொல்லிவிட்டார், தேர்ச்சி என்று.

சேலத்தில் பஸ் ஏறுவதற்கு முன் கையில் இருந்ததற்கெல்லாம் மைசூர்பாகு வாங்கினேன். மறுநாள் காலை இரண்டு பிரிவையும் வேப்பமரத்தடியில் ஒன்றாக உட்கார வைத்தேன். பாஸ் என்றேன். பெரிய சத்தம். பொட்டலத்தை யார் கையில் கொடுப்பது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. இரட்டைச் சடைப் பெண் எழுந்து வந்து, தாளைப் பிரித்து, தலைகளை எண்ணி, துண்டுகளை எண்ணி, உதட்டுக்குள் கணக்குப் போட்டாள்.

"எம்பது பங்குங்க டீச்சர்."

"ஏ பிரிவு நாப்பத்தொன்னு, பி பிரிவு முப்பத்தெட்டு. எழுபத்தொம்பதுதான் சாமி வரும்," என்றேன். கணக்கு டீச்சராயிற்றே.

அவள் தலையை நிமிர்த்தாமல், ஒரு துண்டை நகத்தால் பாதியாக்கிக்கொண்டே சொன்னாள். "நீங்களும் உக்காருங்க டீச்சர். உங்களை உட்டுப்போட்டு நாங்க எப்புடித் தின்னறதுங்க?"

நான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பி பிரிவு வரிசையின் கடைசியில் போய் உட்கார்ந்தேன்.